மூன்று கோட் மஞ்சள்

“பேட்டரியில சார்ஜ் நிக்க மாட்டேங்குது, மேஸ்திரி” என்றார் சடையாண்டி.

ஜெய்த்தூன் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடித்தே காலத்தை ஓட்டியவர் சடையாண்டி. பெயிண்டுக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று இந்த வயதில் ஆசை வந்து, மலையடிவாரத்தில் அவளுடைய பட்டறையில் வேலை கற்கிறார். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். திட்டும்போதும் அண்ணேதான்.

சார்ஜ் நிற்காத அந்த பைக் அவருடைய மகள் முத்தரசிக்கு. மலைமேல் கிராமத்தில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குத்தான் முதல் நாள்.

காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்க முடியும். அந்நேரம் மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிடும். விளக்கு இல்லாவிட்டால் வளைவு எது, பள்ளம் எது என்று தெரியாது.

இந்த வண்டியோ கொஞ்ச தூரம் ஓடினாலே விளக்கு மங்கிவிடுகிறது. நிறுத்தினால் மறுபடி பட்டனில் ஸ்டார்ட் ஆவதில்லை, உதைத்தால்தான் உண்டு.

செய்ததையெல்லாம் அவர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பேட்டரி மாற்றியாயிற்று. ரெகுலேட்டர் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் கரண்ட் எடுக்கிற காயிலையும் மாற்றியாயிற்று. பாக்கி இருந்தது சீட் கவர் மட்டும்தான்.

“எது கெட்டுப்போச்சு மேஸ்திரி?”

“எதுவும் கெடலை.”

“அப்புறம்?”

“போற பாதை நல்லாத்தான் இருக்கு, அண்ணே. திரும்பி வர்ற பாதை எங்க?”

சடையாண்டி வாசலுக்கு வந்து மலைப்பாதையைப் பார்த்தார். போவதும் வருவதும் ஒரே ரோடுதானே என்றார்.

ஜெய்த்தூன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி செயினைப் பிடித்தாள்.

அதற்குள் முத்தரசி வந்துவிட்டாள். புதுப் பை, புதுச் செருப்பு, கையில் ஹெல்மெட். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை அவளால். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டேங்கைத் தடவினாள். ஹாரனை அமுக்கிப் பார்த்தாள். அது கோழி மாதிரி ஒரு தடவை கொக்கரித்து அடங்கியது.

வண்டி முழுக்கக் கோழிக்குஞ்சு மஞ்சள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடித்த நிறம். ஒவ்வொரு போல்டாகக் கழற்றி, தேய்த்து, மூன்று கோட் அடித்திருந்தார் அப்பா. ஊசிமுனை அளவு இரும்புகூட வெளியே தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான், தெரியவில்லை.

“அப்பா, நான் போறதுல உங்களுக்குச் சந்தோஷம்தானே?”

“வண்டி பளபளன்னு இருக்குல்ல” என்றார் அவர்.

வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து இதே பதில்தான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நேரே கடைக்குப் போய்ப் பெயிண்ட் வாங்கி வந்துவிட்டார். முத்தரசி தனக்கு வந்த கோபத்தையும் அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் அடக்கிக்கொண்டாள்.

ஜெய்த்தூன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஒரு துண்டு வயரை எடுத்து இரண்டு முனையையும் பல்லால் சீவினாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

சடையாண்டி உதைத்து ஸ்டார்ட் செய்தார். விளக்கு அழுது வடிந்தது.

அவள் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள். மறு முனையை, பெயிண்ட் படாத இன்ஜின் உலோகத்தில் அழுத்தினாள்.

விளக்கு பளீரென்று எதிர்ச் சுவரில் அடித்தது.

எடுத்தாள். மங்கியது.

வைத்தாள். பளீர்.

முத்தரசி கைதட்டிவிட்டாள். சடையாண்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தடவை, மேஸ்திரி, இன்னொரு தடவை என்று கெஞ்சினார். அவளும் இன்னொரு தடவை வைத்துக் காட்டினாள். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பிறகு வண்டியை அணைத்துவிட்டு, சீட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் ஓரிடத்தைத் தொட்டாள். பேட்டரியின் கறுப்பு வயரை வண்டிச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருந்த போல்ட். போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டியது அந்த இரும்பு வழியாகத்தான்.

போல்டைக் கழற்றினாள். அடியில் மஞ்சள். துளைக்குள்ளும் மஞ்சள்.

“பெயிண்ட் வழியா கரண்ட் போகாது, அண்ணே.”

அவள் உப்புத்தாளை நீட்டினாள்.

அடித்து முடித்த பெயிண்டைத் தன் கையாலேயே சுரண்டுவது அவர் தொழிலில் நடந்ததே இல்லை. தாளை வாங்கியவர் அப்படியே நின்றார்.

“துரு ஏறிடுமே, மேஸ்திரி.”

“ஏறும். அப்பப்ப பாத்துக்கணும்.”

தேய்த்தார். முதல் கோட் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது லேசில் போகவில்லை, அவருடைய வேலை அப்படி. கடைசியில் காசு அகலத்துக்கு இரும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. வயரை அதன்மேல் வைத்து முடுக்கினார்.

மறுபடி உதைத்தார். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக, பேட்டரியில் வைத்த மீட்டரின் முள் பதினாலு வோல்ட்டைத் தொட்டு நின்றது. சார்ஜ் ஏறுகிறது. விளக்கு குறையவில்லை. முத்தரசி ஹாரனை அமுக்கினாள். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சடையாண்டிக்கு ஆடலாம்போல இருந்தது.

முத்தரசி ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினாள்.

“போயிட்டு வர்றேம்ப்பா.”

“வண்டி பள...” என்று ஆரம்பித்தார் சடையாண்டி.

விரலெல்லாம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார்.

“பயமா இருக்கு கண்ணு” என்றார். “பெருமையாவும் இருக்கு.”

முத்தரசி இன்ஜினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு. நீங்க சொல்லணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். நெற்றியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் பட்டனில் விரல் வைத்தாள்.

ஒரே அமுக்கில் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று.