நனையாத படகு

கொட்டாங்கரை என்று ஓர் ஊர். மீனுக்கும் பேச்சுக்கும் அங்கே பஞ்சமே இல்லை, மூளைதான் கொஞ்சம் தட்டுப்பாடு. அந்த ஊர்க் கயித்தானுக்கு முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண்ணின் ஊர் புன்னைத்துறை, படகில் ஆறு நாள் பயணம். "பன்னெண்டாம் நாள் காலைப் பூசைக்கு மாப்பிள்ளை வந்து நிக்கலேன்னா வேற இடத்துல குடுத்துருவேன்" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து கயித்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய பழைய வள்ளத்தைச் சரிசெய்ய, படகு கட்டும் ஓடாவியைக் கூப்பிட்டான். அவர் ஓட்டைகளை அடைத்து, அடிப்பலகைக்கு வர்ணம் பூசிவிட்டு, கிளம்பும்போது சொன்னார்: "பாரத்தை ரெண்டு பக்கமும் சமமா ஏத்துங்க. அடியில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது, பட்டா பூச்சு போச்சு."

காயும்வரை என்று அவர் சொல்லவில்லை. அதையெல்லாம் அவர் இதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை.

கூட்டாளிகள் தொம்மையும் மிக்கேலும் சாமான் ஏற்றினார்கள். இந்தப் பக்கம் ஓர் அரிசி மூட்டை, அந்தப் பக்கம் ஓர் அரிசி மூட்டை. கடைசியில் கல்யாணச் சேலை மிஞ்சியது.

"ஒத்தைச் சேலைலே. எந்தப் பக்கம் வைக்க?" என்றான் தொம்மை.

"நடுவுல வையி" என்றான் கயித்தான்.

"ஓடாவி ரெண்டு பக்கமும்னுதானே சொன்னாரு? நடுவுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று மிக்கேல் மடக்கினான்.

சொல்லவில்லைதான். கயித்தான் வயிற்றெரிச்சலோடு கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தான். படகு கவிழ்ந்தால் முழுச் சேலையும் போய்விடுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

படகைத் தள்ளிக்கொண்டு அலைக்கு அருகில் போனதும் தொம்மை அலறினான். "நில்லுங்கலே! முன்னால பூராத் தண்ணி!"

மூவரும் கடலைப் பார்த்தார்கள். அவன் சொன்னது உண்மை.

"வத்துற வரைக்கும் இருப்போமா?" என்றான் மிக்கேல்.

"பன்னெண்டு நாளுக்குள்ள வத்துமாலே?" கயித்தானுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலைவரை யோசித்தார்கள். பிறகு ஊரில் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, படகைத் தலைக்கு மேல் தூக்கிக் கரையோரமாகவே நடந்தார்கள். எதிரில் வந்தவர்கள் சிரித்தார்கள். இவர்களும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் விடியும்போது ஓர் ஆற்று முகத்துவாரம் குறுக்கிட்டது. அக்கரையில் புன்னைத்துறைக் கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"தூக்கிப் பிடிங்கலே!" என்று கத்திக்கொண்டு கயித்தான் இறங்கினான். தண்ணீர் கழுத்தளவு. மிக்கேல் குள்ளம், அவன் தலை தெரியவே இல்லை. கைகள் மட்டும் படகைத் தாங்கியபடி ஒழுங்காக வந்து சேர்ந்தன.

கரையில் பெண்ணின் அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஏன் மாப்ளே, அதுல ஏறியே வந்திருக்கலாமே?"

சொட்டச் சொட்ட நின்ற கயித்தான், படகின் அடியைத் தடவிப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

"ஏறி வந்தா நனைஞ்சிருமே மாமா. அப்புறம் உங்க பொண்ணை எதுல கூட்டிட்டுப் போவேன்?"

மாமாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பூசை முடிந்து பெண் படகில் ஏறி உட்கார்ந்ததும், பாரம் கூடிவிட்டதே என்று, சுமப்பதற்குத் தன் பங்காக இன்னும் நாலு பேரை அனுப்பிவைத்தார்.