நடுவிலே விழுந்த கயிறு

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை இரணவீர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது பேச்சுக்குத்தான். கடைசியாக யார் ராஜாவின் காதைக் கடித்தாரோ, அன்றைக்கு அவர் சொன்னதே சட்டம். பெரும்பாலும் கடித்தவர் அவைப் புலவர் திருமேனி நாவலர்.

அந்த நாட்டுக்கென்று ஒரு பெருங்காவியம் இருந்தது. அதைக் கேட்க ராஜாவுக்கு ஆசை வந்தது. நாவலரோ முதல் செய்யுளின் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க அதற்கே பொருள் சொன்னார். ராஜா உட்கார்ந்தபடியே தூங்கினார். தூங்கியது தெரியக் கூடாதென்று, விழிக்கும்போதெல்லாம் "ஆகா, என்ன ஆழம்!" என்றார். அப்படி ஒரு "ஆகா"வின்போது நாவலர் ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் செய்யுளை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர் காவியத்தைக் காதால் கேட்டாலும் நாடு கடத்தப்படுவார்!

சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காவியம் என்ன இவர் வீட்டுக் கொல்லைக் கிணறா, மூடிபோட்டுப் பூட்டி வைக்க?

மாட்டிக்கொண்டவள் கீரைக்காரி மூக்காயி. கோயில் மண்டபத்தில் மாலைதோறும் காவியம் வாசிப்பார்கள். ஒருநாள் சந்தை முடிந்து போகிற வழியில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கதை அப்போது பாதிக்கு வந்திருந்தது. அவள் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருக்கையில் நாவலர் வந்து நின்று, "முதல் செய்யுளைச் சொல்" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. காவலர்கள் இழுத்துப்போனார்கள், வாசிப்பும் அங்கேயே நின்றது.

மறுநாள் சபையில் மூக்காயி கும்பிட்டாள். "படுத்த படுக்கையா கிடக்கிற மாமியாருக்கு நான்தான் கஞ்சி ஊத்தணும் சாமி. எல்லை தாண்டி எங்கே போவேன்?"

"சட்டம் சட்டம்தான்" என்றார் ராஜா, நாவலரைப் பார்த்துக்கொண்டே.

"கீரைக்காரிக்குக் காவியமாம்!" என்று சிரித்தார் நாவலர்.

மூக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, துரத்துங்க! ஆனா அந்த ராணி எரியிற கோட்டை வாசல்ல கைக்குழந்தையோட நின்னுக்கிட்டிருந்தா. அப்பத்தான் இவரு வந்து என்னைப் பிடிச்சாரு. அவ பொழைச்சாளா, இல்லையா? ராத்திரி பூரா அதே நினைப்பு. அதைச் சொல்லிட்டுத் துரத்துங்க!"

அமைச்சர் வைரவநாதர் எழுந்தார். "மகாராஜா, யாரை நாடு கடத்துவதானாலும் முதலில் காவியத்தில் கயிறு சாத்திப் பார்க்க வேண்டுமே?"

கட்டிவைத்த ஏடுகளின் இடையில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கயிற்றை நுழைப்பார்கள். அது விழுந்த ஏட்டில் வருவதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். அமைச்சர் கோயில் மண்டபத்து ஏட்டுக்கட்டையே வரவழைத்திருந்தார். முந்தின நாள் வாசிப்பு நின்ற இடத்தில் அது லேசாக விரிந்திருந்தது. கயிறு அங்கேதான் போகும் என்று அவருக்குத் தெரியும்.

நாவலர் பெருமிதத்தோடு கயிறு சாத்தினார். விழுந்த ஏட்டைக் கணீரென்று வாசித்துப் பொருள் சொன்னார்: "வாசல் தீப்பற்றி எரிய, ராணி குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு எதிரித் தளபதியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்..."

ஏடு அதோடு முடிந்தது. ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "என்ன கேட்டாள்?"

"பொறுங்கள் மகாராஜா" என்றார் அமைச்சர். "நாவலரே, இதுதான் முதல் செய்யுளா?"

"கயிறு விழுந்த இடம் ஐயா இது. காவியத்தில் எந்த இடமானால் என்ன, எல்லாம் புனிதம்தானே!"

"அப்படிச் சொல்லுங்கள்! உங்கள் கயிறு நடுவில் விழுந்தால் புனிதம், மூக்காயி நடுவில் உட்கார்ந்தால் குற்றமா? போகட்டும். மகாராஜாவும் இப்போது நடுக்கதையைக் கேட்டுவிட்டார். எங்கே மகாராஜா, முதல் செய்யுளைச் சொல்லுங்கள் பார்க்கலாம். இல்லையென்றால் சட்டப்படி தங்களையும் எல்லைக்கு அனுப்ப வேண்டும்."

ராஜா வாயைத் திறந்தார். முதல் சொல்லுக்கு மேல் வரவில்லை. சட்டென்று நாவலர் பக்கம் திரும்பினார்.

"நாவலரே! ஒரு மழைக்காலம் முழுக்க என்னை உட்கார வைத்தீரே, உள்ளே இப்படியொரு ராணி இருக்கிறாள் என்று ஏன் ஐயா சொல்லவில்லை?"

"அதற்கு முன் நாட்டு வளம், நகர வளம் எல்லாம்..."

"ஏட்டைத் திருப்பும்! அந்தச் சட்டம் இந்த நிமிஷமே ஒழிந்தது. இனி நீர் தினமும் சந்தையில், கீரைக் கடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யார் எந்த இடத்தைக் கேட்டாலும் வாசிக்க வேண்டும்." ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். மூக்காயியை முன்னால் உட்காரச் சொன்னார்.

நாவலர் வாசித்தார். வரவர வேகமாக ஏடு திருப்பினார். பதவுரை சொல்லக்கூட மறந்துபோனார். ராணி என்ன ஆனாள் என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கடைசியில் மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொழைச்சிட்டா மகராசி! அது சரி, அவ எப்படி அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தா? நான் போய்க் கஞ்சி ஊத்திட்டு ஓடியாறேன். ஆரம்பத்துல இருந்து படிங்க ஐயா!"

"ஆமாம், ஆரம்பத்திலிருந்து" என்றார் ராஜா.

அவள் திரும்பி வரும்வரை சபையே காத்திருந்தது. பிறகு நாவலர் முதல் ஏட்டை எடுத்து, முதல் சொல்லுக்குப் பொருள் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். ராஜா ஒரு பார்வை பார்த்தார். நாவலர் பேசாமல் செய்யுளை மட்டும் வாசித்தார். அன்றைக்குத்தான் ராஜா அதைத் தூங்காமல் கேட்டார்.