சொப்புச் சோறு

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கேட்பவர் தமக்குப் பிரியமான பொருள் ஒன்றை ஆற்றில் விட வேண்டும். எது பிரியம் என்று அவரே சொல்ல வேண்டும். சொன்னது மெய்யா என்று மடத்துத் தலைவி கோமதியம்மை பார்ப்பார்.

அம்பலவாணன் இரண்டு வருஷமாகக் காவி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்தார். அம்மையைவிடப் பதினோரு வயது மூத்தவர். ஆனாலும் ‘அம்மா’ என்றுதான் அழைத்தார்.

முதலில் தன் விசிலைக் கொண்டுவந்தார்.

“இதை விட்டால் உமக்கு என்ன குறையும்?” என்று அம்மை கேட்டார்.

“ஒன்றும் குறையாது, அம்மா.”

“பிறகு ஏன் ஆற்றைக் குப்பையாக்குகிறீர்?”

அடுத்த மாதம் மனைவியின் போட்டோவைக் கொண்டுவந்தார். அம்மை அதை நெடுநேரம் பார்த்தார்.

“இவர்தான் உம்மை விட்டுப் போனவர். இனி நீர் விடுவதற்கு என்ன இருக்கிறது?”

“எனக்கு வேறு ஆசை இல்லை, அம்மா.”

“அப்படியா? தைப் பௌர்ணமி வரை தேடும். அன்றும் அகப்படாவிட்டால் சேலத்துக்கு பஸ் ஏறிவிடும்.”

சேலத்தில் மகன் வீடு இருந்தது. அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை. அம்பலவாணனுக்குப் போக மனம் இல்லை.

பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் அந்த மடத்துக்கு விளையாட்டுச் சாமான்களைக் காணிக்கையாகத் தருவார்கள். தைப் பௌர்ணமி காலையில், செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வந்து அவற்றை வாங்கிப் போவார்கள். பிரித்து வைப்பது அம்பலவாணனின் பொறுப்பு.

அன்று விடிந்ததும் முற்றத்து மணலில் உட்கார்ந்தார். இரண்டு கூடைகள். ஒன்றில் பஸ், பந்து, மட்டை, துப்பாக்கி. மற்றதில் பொம்மை, சீப்பு, கண்ணாடி வளையல். கை தயங்கவே இல்லை.

மடத்தில் சமைக்கும் இசக்கியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“வாத்தியாரய்யா, போன வருஷம் ஒரு பிள்ளை பஸ் வேணுமின்னு உருண்டு அழுதாளே. அவளுக்கு இந்த வருஷமும் பொம்மைதானா?”

“பொம்பளைப் பிள்ளைக்கு பஸ் எதுக்கு?”

“ஓட்டத்தான். வேற எதுக்கு, துவைச்சுக் காயப்போடவா?”

இசக்கியம்மாள் சிரித்தபடி உள்ளே போனாள்.

கோமதியம்மை வந்தார். இரண்டு கூடைகளையும் பார்த்தார்.

“எல்லாம் பிரித்தாயிற்றா?”

“ஆயிற்று, அம்மா.”

“இரண்டிலும் சேராதது உண்டா?”

“இல்லை.”

“உம் மடியில் என்ன?”

அம்பலவாணன் குனிந்து பார்த்தார். மடியில் துண்டு கிடந்தது. துண்டுக்கு அடியில் ஒரு சொப்பு. கடைசல் மரத்தில் சிறு பானை, மூடி, கரண்டி. எப்போது எடுத்து வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“உடைந்திருந்தது. அதனால் ஒதுக்கினேன்.”

அம்மை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “உடையவில்லையே.”

அம்பலவாணன் தலை நிமிரவில்லை.

“எத்தனை வயசில் விளையாடினீர்?” என்று அம்மை கேட்டார்.

“ஏழு.”

“அப்போது யாருடைய சொப்பு?”

“அக்காவுடையது. அவள் பள்ளிக்கூடம் போனபின் எடுத்து விளையாடுவேன். செங்கல் பொடிதான் குழம்பு. முருங்கைப் பூ சோறு. அன்றைக்கு ஐந்து இலை போட்டிருந்தேன். அப்பா வந்துவிட்டார்.”

“அடித்தாரா?”

“அடித்திருக்கலாம். அக்காவின் பாவாடையைக் கட்டிவிட்டார். பொட்டு வைத்தார். கடைக்குப் போய் பீடி வாங்கி வா என்றார். தெருவே வெளியில் நின்று பார்த்தது.”

“திரும்பி வந்து?”

“இலை ஐந்தும் அப்படியே கிடந்தன, அம்மா. சோறு ஆக்கியிருந்தேன். யாருக்கும் பரிமாறவில்லை.”

அவரே தொடர்ந்தார். “அதற்கப்புறம் அடுப்பங்கரைக்குள் போனதில்லை. கடைசி மூன்று மாதம் என் மனைவி படுத்த படுக்கை. ஹோட்டலில் வாங்கித்தான் கொடுத்தேன். ஒரு நாள், உங்கள் கையால் கஞ்சி வைத்துத் தாருங்கள் என்றாள். எனக்கு வராது என்றேன்.”

“வருமா?”

“வந்திருக்கும்.”

அம்மை சொப்பின் மூடியைத் திறந்து மூடினார்.

“பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான், அம்மா. பந்தாட வரமாட்டான். பெண் பிள்ளைகளோடு கயிறு தாண்டுவான். நன்றாகத் தாண்டுவான்.”

“நீர் என்ன செய்தீர்?”

“அப்பா செய்ததில் பாதி.”

“பையன்?”

“மறுநாளிலிருந்து கயிற்றின் பக்கமே வரவில்லை. திருத்திவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.”

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அம்பலவாணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். கையை நீட்டினார்.

“தாருங்கள், அம்மா. பொருள் அகப்பட்டுவிட்டது. ஆற்றில் விட்டுவருகிறேன்.”

அம்மை சொப்பைக் கொடுத்தார். அம்பலவாணன் நாலடி நடந்திருப்பார்.

“வாத்தியாரே.”

அவர் நின்றார்.

“பந்தியில் பரிமாறுவதற்கு முன்னால் இலையை எடுப்பவர்கள் உண்டா?”

“இல்லை, அம்மா.”

“அப்படியானால் எங்கே போகிறீர்?”

அம்மை மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்துப் பூவரச மரத்தின் இலை ஒன்றை எடுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார்.

“பசிக்கிறது. என்ன சமையல்?”

“காவி, அம்மா?”

“வயிறு காலியாக இருக்கும்போது என்னால் காவி கொடுக்க முடியாது.”

வாசலில் சத்தம் கேட்டது. சூளைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நாற்பது ஐம்பது பேர். பின்னால் அவர்களைப் பெற்றவர்கள். முன்னால் ஓடிவந்த சிறுமி ஒருத்தி முதல் கூடையில் கையை விட்டு பஸ்ஸை எடுத்தாள். எடுத்துக்கொண்டு அம்பலவாணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். இசக்கியம்மாள் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள்.

எல்லாருடைய கண்ணும் டிரில் மாஸ்டரின் கையிலிருந்த சிறு பானையின் மேல் இருந்தது.

அம்பலவாணன் மெல்ல முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். மூன்று கல்லைத் தேடி எடுத்துக் கூட்டினார். பானையை ஏற்றினார். ஒரு பிடி மணலை அள்ளினார். பாதி சிந்தியது.

“எல்லாரும் பார்க்கிறார்கள், அம்மா.”

“பசி எனக்கு” என்றார் கோமதியம்மை. “நீர் அடுப்பைப் பாரும்.”