ஒரு அளவு பெரிசு

2023 ஆகஸ்ட், ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மேட்டுப்பாளையம் சைக்கிள் கடை வாசலில் மூன்றாவது தடவையாக வந்து நின்றார் உருளைக்கிழங்கு மண்டி சென்னியப்பன்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்காவது பதில் சொல்லுவீங்களா?"

கடைக்காரர் ஜெசிந்தா ஷட்டரைப் பாதி தூக்கியபடி திரும்பிப் பார்த்தார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது. மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் பத்து வருஷம் ஓட்டியவர். விழுந்து எலும்பு முறிந்து கூடியதில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இப்போது பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு வண்டி பொறுக்கிக் கொடுக்கிறார், ஓட்டப் பழக்குகிறார். தார் ரோட்டுக்கு எது, காட்டுப் பாதைக்கு எது, எந்த கியர், எந்த டயர் என்று கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டு வருவார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று பெயர். இருந்தும் வருவார்கள்.

சென்னியப்பன் முதல் தடவை வெறுங்கையோடு வந்திருந்தார்.

"வண்டி இல்லாம வண்டியப் பத்தி என்னத்தச் சொல்றதுங்ணா?" என்று அனுப்பிவிட்டார் ஜெசிந்தா.

இரண்டாம் தடவை டெம்போவில் வண்டி வந்தது. சாக்கில் சுற்றி, மூட்டை கட்டுகிற கயிற்றால் கட்டியிருந்தது. ஜெசிந்தா வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய வேட்டியைப் பார்த்தார்.

"ஆள் ஏறி உக்காராம வண்டி வாயத் திறக்காதுங்ணா. இதக் கட்டிக்கிட்டு எப்படி ஏறுவீங்க?"

இன்று வேட்டி இல்லை. மகனுடைய டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருக்குச் சரியாக இருந்தது.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

போன டிசம்பரில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் பந்தயம் நடந்தது. மகன் மித்ரன் ஓட்டினான். பதினைந்து வயது. இறக்கத்தில் மூன்றாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. கீழே கல். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

துக்க வீட்டில், பந்தலுக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, மித்ரனோடு ஓட்டுகிற பையன் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்.

"வண்டி அவனுக்கு ஒரு அளவு பெரிசுடா. எத்தனை தடவ சொன்னோம்."

பந்தல் காலுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றிருந்தார். அவன் பார்க்கவில்லை.

மண்டியில் மூட்டையைத் தூக்கவே வேண்டாம், பார்த்தே எடை சொல்லிவிடுகிறவர் சென்னியப்பன். இந்த ஒரு சொல்லைத்தான் எட்டு மாதமாகத் தூக்கிப் பார்க்கிறார், எடை தெரியவில்லை.

"வண்டி பெரிசானதாலதான் விழுந்தானா? ஆமாங்களா, இல்லீங்களா? அது மட்டும் சொல்லுங்க அம்மணி. அவனுக்குப் பழக்கிவிட்டது நீங்கதான்."

"ஏறுங்க," என்றார் ஜெசிந்தா.

போன தடவை கடையில் விட்டுவிட்டுப் போன மித்ரன் வண்டியின் பின்சக்கரத்தை ஒரு இரும்பு நிறுத்தியில் பூட்டியிருந்தார். சென்னியப்பன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஹேண்டிலின் முன்னால் பந்தய எண் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 26.

"மிதிங்க."

மிதித்தார். இருக்கிற இடத்திலேயே வண்டி ஓடியது.

ஜெசிந்தா அவர் முழங்காலிலிருந்து நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முழங்கை மடங்குவதைப் பார்த்தார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சீட்டை ரெண்டு விரற்கடை ஏற்றினார். மறுபடி மிதிக்கச் சொன்னார். பிறகு ஸ்பானரைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"என்னங்க, அவ்வளவுதானா?"

"மாத்த வேற ஒண்ணுமில்லீங்ணா. ஹேண்டில், பெடல், சட்டத்தோட நீளம், எல்லாமே அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி இருக்குது."

சென்னியப்பன் இறங்கவில்லை.

"யாருக்குன்னு வாங்குனீங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

வாங்கிய நாள் சென்னியப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோயம்புத்தூரில் பெரிய கடை. விற்கிற பையன் நடு அளவைத்தான் எடுத்து வைத்தான். "தம்பி உயரத்துக்கு இதுதான் சார்." மித்ரன் அதில் ஏறி, கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முகமெல்லாம் பல்.

"வளர்ற பையன்," என்றார் சென்னியப்பன். "ஒரு அளவு பெரிசா எடுங்க."

பள்ளிக்கூடச் சட்டையை அப்படித்தான் எடுத்தார். செருப்பு, ஷூ, மழைக்கோட்டு எல்லாம் அப்படித்தான். எந்த வீட்டில்தான் வேறு மாதிரி எடுத்தார்கள்? ஷூ முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு போனால் அடுத்த வருஷம் சரியாகிவிடும். சைக்கிளில் எங்கே பஞ்சு அடைப்பது?

பெரிய வண்டி வந்தது. மித்ரனுக்குக் கால் நுனிதான் எட்டியது. அப்போது சென்னியப்பன் தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் மேல் காலைப் போட்டு நின்று பார்த்தார்.

"பாரு, கச்சிதமா இருக்குது," என்றார்.

மித்ரன் சிரித்தான். "உங்களுக்குக் கச்சிதமா இருக்குதுங்கப்பா," என்றான்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப நான்தானுங்களா அம்மணி?"

ஜெசிந்தா பின்சக்கரத்தை நிறுத்தியிலிருந்து கழற்றினார். "கோத்தகிரி ரோட்டுல முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

முதல் வாரம் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பத்து நான்கு வயது. வாலிபத்தில் கம்பி கேரியர் வைத்த சைக்கிளில் மூட்டை ஏற்றி மிதித்ததோடு சரி. மூன்றாவது வாரம் வளைவைத் தொட்டார். அங்கே இருக்கிற டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

"போயிட்டு வந்துட்டனுங்க."

"சரி."

"பேசலாம்னீங்க."

"மூச்சு வாங்குதே உங்களுக்கு."

பிறகு சென்னியப்பனுக்கு வேறு யோசனை வந்தது. முண்டு முண்டாகப் பல் வைத்த டயர் தார் ரோட்டில் இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வழவழப்பான டயர் போடலாமா? சக்கரத்தை மாற்றலாமா?

"போடலாம். ரோட்டுல நல்லா உருளும். மண்ணுல இறங்கினா வழுக்கும். ரெண்டுக்கும் ஆகுற டயர்னு விக்கிறாங்க, ரெண்டுலயும் சுமாராத்தான் போகும். நீங்க எங்க போகணும், அதச் சொல்லுங்க."

சென்னியப்பன் அதைச் சொல்லவில்லை.

"எடையக் குறைக்கணுமுங்க. கார்பன் ஹேண்டில் போட்டா இருநூறு கிராம் குறையுமாமே?"

"யாரு சொன்னது?"

"போன்ல பார்த்தனுங்க."

"உங்க இடுப்புல நாலு கிலோ இருக்குதுங்ணா. அதக் குறைக்கிறதுக்குக் காசே வேண்டாம்."

அவரும் சிரித்துவிட்டார். எட்டு மாதத்துக்கு அப்புறம் சிரித்தது. சிரித்தது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்து, எண் அட்டையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதக் கழட்டினா கொஞ்சம் எடை குறையும்."

"அது இருக்கட்டுமுங்க."

"அப்ப மத்ததும் இருக்கட்டும்," என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் சென்னியப்பனே வந்து சொன்னார்.

"எங்க போகணும்னு கேட்டீங்கல்ல. அந்த வளைவுக்குப் போகணுமுங்க."

ஜெசிந்தா கடையைப் பூட்டினார். அவர் வண்டியையும் தன் வண்டியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிவந்த மண்பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. இறக்கம் தொடங்குகிற இடத்தில் நின்று ஜெசிந்தா சொன்னார்: "பின்பிரேக்க முன்னாடியே பிடிச்சிருங்க. வளைவுக்குள்ள போனப்புறம் எதையும் பிடிக்காதீங்க. வளைவு முடியுற இடத்தப் பாருங்க. கல்லப் பாக்காதீங்க."

"அவனுக்கும் இதத்தான் சொன்னீங்களா?"

"இதேதான் சொன்னேன்."

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவது.

வண்டி சொன்னபடி கேட்டது. முன்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பியது. தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு போல, இழுக்காமல், முரண்டு பிடிக்காமல் திரும்பியது.

தாண்டிப்போய் நிறுத்தி, வண்டியைச் செடி மேல் சாய்த்துவிட்டு, சென்னியப்பன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது அவர் இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் திரும்புதே அம்மணி," என்றார். "எனக்குத் திரும்புதே."

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தம் மட்டும் மேலேயிருந்து கேட்டது.

"அன்னைக்கு இதே வளைவுல நாலு பேர் விழுந்தாங்க," என்றார் ஜெசிந்தா.

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"மத்த மூணு பேருக்கும் சரியான அளவு வண்டி. நானே பார்த்துக் குடுத்தது. மூணு பேரும் எந்திரிச்சு ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப வண்டியால இல்லீங்களா?"

"அப்படி நான் சொல்லலீங்ணா."

"வண்டியாலதானா?"

"அப்படியும் சொல்லல."

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

ஜெசிந்தா எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சின்ன வண்டிக்கு மாத்திக்கடான்னு அவன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். என்கிட்ட பழசு ஒண்ணு சும்மாத்தான் கிடந்துச்சு. 'அப்பா வாங்குனது அக்கா, வளந்துடுவேன்'னு சொன்னான். மூணாவது தடவ நான் சொல்லல." தோளை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். "மழ வர்ற மாதிரி இருக்குது. எந்திரிங்க."

அதற்குப் பிறகு சென்னியப்பன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் கடைக்கு வருவது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ரோட்டில் போய்விட்டு வந்து, பழைய டயர்கள் அடுக்கியிருக்கிற மூலையில் உட்கார்ந்து டீ குடிப்பார். வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடை பற்றிக் கேட்கிறவர்கள், நிறம் பற்றிக் கேட்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்கிறவர்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிற ஷாஜகான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ஆஃப்ரீனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் மூன்று நாள் சண்டை போட்டு ஜெயித்திருந்தாள்.

ஜெசிந்தா ஒரு சின்ன வண்டியை எடுத்து வைத்தார். ஆஃப்ரீன் ஏறி உட்கார்ந்தாள். இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

"இது வேண்டாம்மா, அதக் காட்டுங்க," என்று அடுத்த வண்டியைக் கைகாட்டினார் ஷாஜகான்.

"அத்தா, அதுல கால் எட்டல."

"எட்டும். வளர்ற புள்ள. நம்ம கடையிலயே ஒரு சைஸ் கூட்டித்தான் எல்லாத்துக்கும் எடுத்துக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

ஜெசிந்தா சுவரில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தார். மூலைக்குப் போய், சென்னியப்பன் மடியில் வைத்தார்.

சென்னியப்பன் டேப்பைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

எழுந்து வந்தார். ஆஃப்ரீனைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். "நேரா நில்லு கண்ணு. குதிகால் சுவத்துல ஒட்டட்டும்." அவள் முன்னால் மண்டியிட்டு, காலை அளந்தார். கையை அளந்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தார்.

"சின்னதுதானுங்க பாய்," என்றார்.

"அடுத்த வருஷமே பத்தாமப் போயிடுமே, அண்ணே?"

சென்னியப்பன் டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பத்தாமப் போகட்டுமுங்க," என்றார். "நல்லாப் பத்தாமப் போகட்டும்."

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, ஷாஜகான் அந்த வண்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆஃப்ரீனுக்கு அது சின்னதாகிவிட்டிருந்தது.