வரிசையில் நின்ற கல்

முன்னொரு காலத்தில், தன் நாட்டுக்கே கதவு வைத்துப் பூட்டிக்கொண்ட ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

அந்த நாட்டின் எல்லையில் ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு கல் பாலம். பாலத்தின் இந்தப் பக்கத்து முனையில் இரும்புக் கதவும், அதை ஒட்டி ஒரு சாவடியும். அக்கரையிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் அந்தச் சாவடியில் பெயர் சொல்லி, முத்திரை குத்திய ஓலை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மாதத்துக்குப் பத்து ஓலை. பதினோராவது ஆள் சாட்சாத் இந்திரனாக இருந்தாலும் அடுத்த மாதம்தான்.

அக்கரையிலோ மழை பொய்த்து வருஷக்கணக்காகிவிட்டது. கதவுக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் ஜனம். மாதக்கணக்கில் யாரால் நிற்க முடியும்? அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து, அதில் தன் அடையாளத்தைக் கொத்தி வரிசையில் வைத்துவிடுவது. தண்ணீருக்கோ விறகுக்கோ போனால், வரிசை நகரும்போது பின்னால் இருப்பவர் அந்தக் கல்லையும் நகர்த்தி வைப்பார். அடுத்தவன் கல்லைத் தள்ளிவிட்டு முந்தினான் என்று ஒருத்தன் மேலும் புகார் வந்ததில்லை. அவ்வளவு ஒழுங்கான ஜனத்தைத்தான் கதவு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. பொறுக்க முடியாதவர்கள் மட்டும் கீழே இறங்கி ஆற்றில் நீந்தி வந்தார்கள். பாதிப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

இப்படி இருக்கையில், ஒருநாள் மத்தியானம் ராஜா உப்பரிகையில் சாய்ந்திருந்தார். கண் சொக்கும் நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தாலாட்டு காதில் விழுந்தது. ராகம் புதிது. சொல்லும் புதிது. ராஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து நேரே சபைக்கு வந்தார்.

"என் நாட்டில் எனக்குத் தெரியாத தாலாட்டு எப்படி வந்தது?"

ஓலைநாயகமாக இருந்த வாணராயர் எழுந்து கும்பிட்டார். நாட்டின் ஓலை, முத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. "ஆற்றை நீந்தி வந்த கூட்டம், மகாராஜா. கதவு வழியாக வந்தவர்கள் பாடினால் என் ஏட்டில் இருக்கும்."

ராஜா தன் விதூஷகன் கூத்தபிரானைப் பார்த்தார். "நீ சொல். கதவு வழியாக வந்தவனுக்கும் ஆற்று வழியாக வந்தவனுக்கும் என்ன வித்தியாசம்?"

கூத்தபிரான் வழக்கமாக ஒரு கோணங்கி செய்துவிட்டுத்தான் பேசுவான். அன்று செய்யவில்லை.

"மகாராஜா, கதவு வழியாக வந்தவன் நிமிர்ந்து நடப்பான். அவனை ஒருவர் ஏமாற்றினால் இதே சபைக்கு வந்து பிராது கொடுப்பான். அவன் யார், எந்த ஊர் என்று நமக்கும் தெரியும். கள்ளனாக இருந்தால் கதவிலேயே நிறுத்திவிடலாம். எல்லாம் நல்லதுதான். கதவு திறப்பதற்குள் ஆள் கிழவனாகிவிடுவான் என்பது ஒன்றுதான் குறை."

"ஆற்று வழியாக வந்தவன்?"

"உயிரோடு கரையேறினால் அன்றைக்கே கஞ்சி குடிப்பான். அவனுக்குக் கிடைக்கும் நன்மை அந்தக் கஞ்சிதான். பிறகு தமுக்குச் சத்தம் கேட்டாலே ஒளிவான். பாதிக் கூலி கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டான். அவன் பாதிக் கூலிக்கு ஒத்துக்கொள்வதால் நம் ஊர்க் குடியானவனுக்கும் முழுக் கூலி போய்விட்டது. இவன் வயிறு எரிகிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. யாருக்கு லாபம் என்றால், பாதிக் கூலி கொடுத்து அறுப்பை முடித்துக்கொள்கிறவர்களுக்கு."

சொல்லிவிட்டு வாணராயரைப் பார்த்துத் தொலைத்தான். வாணராயரின் வயல்களில் கதிர் அறுப்பது முழுக்க ஆற்று வழியாக வந்தவர்கள் என்பது ஊரறிந்த ரகசியம். சபையில் ஓரிருவர் இருமினார்கள். வாணராயர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் குரல் மட்டும் தேனாகத்தான் இருந்தது.

"இவ்வளவு விவரம் தெரிந்தவரிடமே காரியத்தை ஒப்படைப்போம், மகாராஜா. முத்திரை இல்லாமல் ஆற்றைக் கடந்து வந்தவர் அனைவரையும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கரையில் கொண்டுவந்து நிறுத்தட்டும். அக்கரைக்கே அனுப்பிவிடுவோம். வந்தவர் மட்டும் போதாது. எத்தனை தலைமுறை ஆனாலும் அவர் வழியில் வந்தவர்களும் சேர்த்தி. ஒரு தலை குறைந்தால் கூத்தபிரானின் தலை அந்த இடத்தை நிரப்பட்டும்."

'எத்தனை தலைமுறை ஆனாலும்' என்பதை எதற்குச் சேர்த்தார் என்று எல்லாருக்கும் தெரியும். கூத்தபிரானின் பாட்டன் ஓர் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு இதே ஆற்றைக் கடந்து வந்தவர். ஆக, தலை தப்பினாலும் கூத்தபிரான் நாட்டில் தங்க முடியாது. ராஜாவுக்கோ போன தூக்கத்தின் கோபம். "அப்படியே ஆகட்டும்" என்று உத்தரவில் முத்திரை மோதிரத்தை அழுத்திவிட்டார்.

கூத்தபிரான் வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் வேலைக்காரி செம்மாயி நெல் குத்திக்கொண்டிருந்தாள். தாலாட்டுக்காரி அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, பால் வற்றி, பிள்ளையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியவள். புருஷன் பெரியாண்டி மட்டும் வரவில்லை. "ஒருத்தராவது முறையா உள்ள வந்தாத்தான் நம்மள யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ போ, நான் வரிசையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டான். அவன் கல்லில் ஒரு மீன் கொத்தியிருந்தது. பரிசல்காரர் ஒருவர் மீன் பிடிக்கப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒங்க ஆளு கல்லு நகந்திருக்கு தாயி" என்று சொல்வார். மூன்று வருஷமாக அந்த ஒரு சேதியில்தான் அவள் உயிர் வைத்திருந்தாள்.

கூத்தபிரான் உத்தரவைச் சொன்னான். உலக்கை நின்றது.

"எப்பங்க சாமி?"

"வெள்ளிக்கிழம."

"இன்னும் ஆறே கல்லுதான் பாக்கியாம். வர்ற மாசம் அவரு உள்ள வந்துருவாருங்க." அவள் உரலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினாள். "இத்தன வருசம் காத்திருந்து அவரு இந்தப் பக்கம் வர, எங்கள அந்தப் பக்கம் தள்ளிவிட்டா, யாரு கண்ணுல யாரு படுறதுங்க?"

நாட்டையே சிரிக்க வைத்தவன் உரலடியில் உட்கார்ந்துவிட்டான். இவளைக் காட்டிக் கொடுக்காவிட்டால் தலை போகும். காட்டிக் கொடுத்தால் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலை அரண்மனையில் அதே யோசனையாக நின்றான். ராஜாவை எழுப்பக் கட்டியக்காரர் முழங்கிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகத் தினமும் கேட்பதுதான். அன்றைக்குத்தான் கூத்தபிரான் காதில் போட்டுக்கொண்டான். கேட்டவன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பிறகு தமுக்கு அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

இரண்டு நாள் அவன் செய்த காரியத்தைச் சொல்லவே எனக்குக் கசக்கிறது. குடிசை குடிசையாகப் போய் ஆட்களை வெளியே அழைத்தான். வாணராயர் தம் வேலையாட்களை நெற்களஞ்சியத்தில் பூட்டி ஒளித்து வைத்திருந்தார். ராஜ முத்திரையைக் காட்டி அதையும் திறந்தான். "நீயும் அக்கரைக்காரன்தானடா பாவி" என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தன் பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டான். செம்மாயி ஒரு மூட்டையோடும் மகளோடும் பின்னால் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. கரை நெடுக ஜனம். ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார்.

"எல்லாரும் வந்தாயிற்றா?"

"ஒரு தலை குறைகிறது, மகாராஜா."

வாணராயர் முகத்தில் விளக்கேற்றியது போல் ஆயிற்று. வாள்காரனுக்குக் கண் காட்டினார்.

கூத்தபிரான் வரிசையின் முன்பக்கத்தைக் காட்டினான். அங்கே ஒரு மணைப் பலகை. அதன் மேல் நனைத்துப் போட்ட பட்டு வேட்டி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. "அவருக்கான இடத்தைத் தயாராக வைத்திருக்கிறேன். யார் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். கட்டியக்காரரைக் காலையில் முழங்கியதையே முழங்கச் சொல்லுங்கள்."

கட்டியக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார். "ராஜாதி ராஜ! வெள்ளம் நீந்தி வந்து இம்மண் கொண்ட வீரர் வழித்தோன்றலே! ஈர உடையோடு அரியணை ஏறியவர் குலக்..." அதற்கு மேல் குரல் இறங்கிவிட்டது.

அந்த நாட்டில் பட்டாபிஷேகத்தன்று ராஜா ஈர வேட்டியோடுதான் அரியணையில் உட்கார வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூத்தபிரானுக்குத் தன் கழுத்து மட்டும் தனியாக வியர்ப்பது தெரிந்தது.

"எம் முன்னோர் வந்த காலத்தில் கதவே கிடையாது" என்றார் ராஜா மெதுவாக.

"கிடையாதுதான், மகாராஜா. அதனால்தான் அவர் வந்து சேர முடிந்தது. 'எத்தனை தலைமுறை ஆனாலும்' என்று உத்தரவில் சேர்த்தது நான் அல்ல. ஒரு தலை குறைந்தால் என் தலை. நிறைந்தால் என்ன ஆகும் என்று வாணராயர்தான் சொல்ல வேண்டும்."

ராஜா பலகையைப் பார்த்தார். சொட்டும் வேட்டியைப் பார்த்தார். வாணராயர் கால் மாற்றி நின்றதைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கிற்று. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தார், அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். உத்தரவை வாங்கிக் கிழித்து ஆற்றில் விட்டார்.

"இந்தக் கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் முத்திரை ஓலை. வாணராயரே, உம் கையாலேயே எழுதும். நாளை முதல் இவர்களுக்கும் ஊராருக்கும் ஒரே கூலி. கூத்தபிரா, உனக்கு என்ன வேண்டும்?"

"கதவு தினமும் திறக்க வேண்டும், மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. "அது வேறு விஷயம். கதவு இருக்கிறபடி இருக்கட்டும். உனக்கென்று கேள்."

கூத்தபிரான் தலையைக் குனிந்துகொண்டான். "பெரியாண்டி என்று ஒரு பெயருக்கு ஓர் ஓலை."

சனிக்கிழமை காலையில் கூத்தபிரானும் செம்மாயியும் பாலத்துக்குப் போனார்கள். அவள் புதுச் சேலை உடுத்திக்கொண்டு, மகளுக்குப் பூ வைத்து அழைத்து வந்திருந்தாள். சாவடி மணியக்காரர் ராஜ ஓலையைக் கண்டதும் கதவைத் திறந்தார். வரிசையில் முதலிலிருந்து ஏழாவது இடத்தில், மீன் கொத்திய கல் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

"தண்ணிக்குப் போயிருப்பாரு" என்றாள் செம்மாயி.

எட்டாவது கல்லின் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார். அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"போன மாசியிலயே போய்ட்டாருங்க. பேதி. நாங்கதான் எடுத்துப் போட்டோம். கல்ல எடுக்க யாருக்கும் மனசு வரல. வரிசை நகரும்போதெல்லாம் அதையும் நகத்தி வச்சோம். அவரு எடத்த நாங்க எப்படிங்க எடுத்துக்கிறது?"

செம்மாயி அழவில்லை. குனிந்து கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகள் அதன் மேல் இருந்த மீனை விரலால் தடவினாள்.

கூத்தபிரான் அந்த ஓலையை மணியக்காரரிடம் நீட்டினான். "பெரியாண்டி வந்திருக்கிறார். முத்திரை குத்தி உள்ளே விடும்."

"ஐயா, இது கல்லு."

"மூணு வருஷமா இந்தக் கல்லைத்தானே ஆளுன்னு எண்ணிக்கிட்டிருந்தீர்? இன்னிக்கு மட்டும் என்ன சந்தேகம்?"

மணியக்காரருக்கு ராஜ ஓலையை மறுக்கப் பயம். முத்திரையைக் குத்தினார். பெரியாண்டி முறையாக, கதவு வழியாக, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி நாட்டுக்குள் வந்து சேர்ந்தான்.

கல்லுக்கு ஓலை கொடுத்த கதையைக் கேட்டு ராஜா இன்னொரு தடவை விழுந்து விழுந்து சிரித்தாராம். கூத்தபிரானுக்குத் தங்கக் கடகம் ஒன்று அனுப்பினார். அவன் கும்பிட்டு வாங்கி, கையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ராஜாவுக்கு உப்பரிகையில் நல்ல தூக்கம். தாலாட்டு எதுவும் கேட்கவில்லை.