அக்கரைக்குத் தெரிந்த எழுத்து

படகுப் போட்டி தொடங்கும் முன்பே வேறொரு போட்டி நடந்து முடிந்த கதை இது. அது சரியாகத்தான் முடிந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் தாவீது, நசீமா, மங்கையர்க்கரசி என்று மூன்று நண்பர்கள். தலைப்புகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் உதவும்படி ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்ந்து வரைந்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் கோடுகள் தூண்களைப் போலக் கனத்திருக்கும். அவற்றை இணைக்கும் வளைவுகளும் படுக்கைக் கோடுகளும் நூலிழையாக மெலிந்திருக்கும். "கடா மீசைக்காரன் வெள்ளிக் கொலுசு போட்டுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்று நசீமா சிரிப்பார்.

எல்லாம் முடிந்தது; பெயர் மட்டும் வைக்கவில்லை. வைக்கிற பெயர்தான் இனி எத்தனையோ பேருடைய கணினியில் நிற்கும். அந்த உரிமை தனக்கே வேண்டும் என்று மூவரும் பிடிவாதமாக இருந்தார்கள். சேர்ந்து டீ குடிப்பதுகூட நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் ஆலங்கழியிலிருந்து வனமயில் வந்தார். மீன் ஏலம் கூறுபவர். அந்த ஊர்ப் படகுப் போட்டியை முன்னின்று நடத்துபவரும் அவரே. மூன்று படகுகளுக்குப் பெயர் எழுத வேண்டும் என்றார். சண்டையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்கா மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ஆளுக்கு ஒரு படகு எழுதுங்க. எங்க ஊரு உப்பங்கழியில இந்தக் கரையோரமா படகு வரும்போது, அந்தக் கரையில நிக்கிற சனம் பேரைப் படிக்கணும். யாரு எழுதினதைப் படிக்கிறாங்களோ அவங்களே பேரு வைக்கட்டும். ஆனா ஒண்ணு, சேர்ந்து வரைஞ்ச எழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

மூவரும் ஒப்புக்கொண்டார்கள். படகுகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

தாவீதுக்கு வந்தது 'கடல்ராணி'. போன ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் வென்ற சிவப்புப் படகு. மற்ற இரண்டும் புதியவை. ஆலங்கழியில் புதுப் படகின் பெயரைப் போட்டி நாள்வரை தார்ப்பாயால் மூடிவைப்பார்கள். உரிமையாளர் வீட்டையும் எழுதுபவரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மூன்று படகிலும் பெயர்ப்பலகை ஒரே அளவுதான்.

தாவீது எழுத்தை அப்படியே பலகையில் ஏற்றினார். நசீமா தன் படகின் பெயரான 'வெள்ளிமீன்' என்பதை எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மெல்லிய கோடுகள் காணாமல் போயின. மனம் கேட்காமல் அவற்றை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கினார்.

மங்கையர்க்கரசியின் படகுக்குச் சொந்தக்காரர் கலியமூர்த்தி. "ஆலங்கழி அலைமகள் அழகம்மை" என்று மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். அத்தனையும் அந்தப் பலகையில் அடங்க வேண்டுமென்றால் எழுத்து சுருங்கிவிடும்.

"அண்ணே, அண்ணிய வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

கலியமூர்த்தி நெளிந்தார். "அதெல்லாம் எதுக்கும்மா?"

"சொல்லுங்கண்ணே."

"அழகு..."

"அதையே எழுதிடலாமா?"

 அவர் வெட்கத்தோடு தலையாட்டினார். 'அழகு' பலகை முழுவதையும் நிறைத்துக்கொண்டது. மெல்லிய கோடுகூடச் சுண்டுவிரல் அகலம் வந்தது.

போட்டி நாள். பந்தயத்துக்கு முன் படகுகள் ஒவ்வொன்றாக அணிவகுத்து வரும் நேரம். அக்கரையில் மேளம், பலூன், வறுத்த கடலை, பேருந்துகளில் வந்திறங்கிய கூட்டம். நடுவில் வனமயில். வளைவில் அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் முதல் படகின் மூக்கு தெரிந்தது. பலகை இன்னும் திரும்பவில்லை. "கடல்ராணி! கடல்ராணி!" என்று கரையே அதிர்ந்தது. பலகை திரும்பியபோது தெரிந்தது கனத்த கோடுகளின் வரிசை மட்டும்தான். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தாவீது துள்ளிக் குதித்தார்.

அடுத்த படகு தார்ப்பாயை விலக்கியது. கூட்டம் கண்ணைச் சுருக்கியது. "வெள்ளி... வெள்ளிமீன்!" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

மூன்றாவது தார்ப்பாய் விலகியதுதான் தாமதம், "அழகு!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். மங்கையர்க்கரசிக்கு அருகில் நின்ற அழகம்மை புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "வீட்டுக்குள்ள மெதுவா கூப்பிடுற பேரை ஊரே கூவுது! இந்த மனுசனை என்ன செய்யிறது!" என்றார். தலைப்புக்குள் அவர் சிரிப்பது எல்லோருக்கும் கேட்டது.

படகுகள் கரை சேர்ந்ததும் மூவரும் வனமயிலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இருக்கிறதுலயே பெரிய சத்தம் எனக்குத்தான்" என்றார் தாவீது.

"உனக்கா, படகுக்கா? தெரியாத பேரைப் படிக்க வச்சது நான்" என்றார் நசீமா.

"நானும்தான்" என்றார் மங்கையர்க்கரசி.

"நீ பேரையே மாத்திட்டியே!" என்று இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் தாவீதுக்குத்தான் கைதட்டியிருப்பேன் என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்லுங்கள்: எழுத்துருவுக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

விடை: மங்கையர்க்கரசிக்கு. பலகை திரும்பும் முன்பே கூட்டம் 'கடல்ராணி' என்று கத்திவிட்டது. அவர்கள் படித்தது எழுத்தை அல்ல, சிவப்புப் படகை. நசீமாவின் பெயரை உண்மையாகவே படித்தார்கள். ஆனால் அவர் எழுத்தில் கை வைத்துவிட்டார். மங்கையர்க்கரசி தொட்டது பெயரை. அதுவும் சொந்தக்காரரின் சம்மதத்தோடு. மெல்லிய கோடுள்ள எழுத்துக்குத் தேவை இடம்தான் என்று புரிந்துகொண்டு அதைக் கொடுத்தார். வனமயிலும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். மங்கையர்க்கரசி எழுத்துருவுக்கு 'கூப்பாடு' என்று பெயர் வைத்தார். முதலில் சிரித்தவர் தாவீதுதான். "நம்ம மூணு பேருக்குமே பொருந்துது" என்றார்.