குளத்தில் ஊறிய பலகைக்கல்

சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடியில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி தையல்நாயகி அம்மை. சீடர் சிற்றம்பலம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணனை அடிக்கக் கை ஓங்கிய அன்று வீட்டை விட்டு வந்தவர்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது.

"போகட்டுமா அம்மா?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"இங்கே வந்தபின் எனக்குக் கோபமே வரவில்லை. அண்ணனைப் பார்த்தாலும் வராது என்றுதான் நினைக்கிறேன்."

"நல்லது. ஓடையின் குறுக்கே போடக் கல் வந்திருக்கிறது. அதைச் சோதித்துவிட்டு வாருங்கள்."

ஒரே பாறையில் அறுத்த இரண்டு பலகைக்கற்கள் சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தன. சிற்றம்பலம் இரும்புக் கம்பியால் தட்டினார். இரண்டும் மணிபோல் ஒலித்தன. ஒன்றை இரு கட்டைகளின் மேல், தரையிலிருந்து சாண் உயரத்தில் வைத்தார். மடத்தார் மூவர் ஏறி நின்றார்கள். கடைசியாகச் சமையல்காரர் மாசிலாமணி ஏறினார்.

"நானே ஏறியாயிற்று. இனி யானை வரலாம்" என்றார் மாசிலாமணி.

கல் அசையவில்லை.

"உறுதியான கல் அம்மா."

"மற்றதைக் குளத்தில் போட்டு வையுங்கள்."

ஒரு வாரம் கழித்து அதை வெளியே எடுத்தார்கள். கொஞ்சம் கருத்திருந்தது. மற்றபடி ஒரு கீறலும் இல்லை. தட்டியபோது ஒலி மட்டும் மழுங்கியிருந்தது. அதைக் கட்டைகளின் மேல் வைத்ததும் அதே மூவர் ஏறினார்கள். மாசிலாமணி ஒரு காலை வைத்தார். கல் நடுவில் இரண்டாகப் பிளந்தது.

"என்னைப் பார்க்காதீர்கள். ஒரு கால்தான் வைத்தேன்" என்றார் அவர், மணலில் உட்கார்ந்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். சிற்றம்பலம் உடைந்த பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடையில் கிடக்கப்போகிற கல். நான் அதை வெயிலில் வைத்துச் சோதித்தேன்."

அவர் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் நான் கல்யாணத்துக்குப் போகக் கூடாதா?"

"ஓடைக்கு இந்த வகைக் கல்லைத்தான் போடப்போகிறோம். இந்தக் குன்றில் வேறு கல் ஏது? நடுவில் ஒரு தூண் கட்டினால் தாங்கும்."

சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வீட்டில் உங்கள் இருவரோடும் பேசுகிறவர் யாராவது உண்டா?" என்று கேட்டார் அம்மை.

"தங்கை இருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டுவாள்."

"போய் வாருங்கள். பந்தியில் அவளை நடுவில் உட்கார வையுங்கள்."